ஹக்ஸ்லியின் நரகமா, ஹக்ஸ்லியின் சொர்க்கமா?

வாசிப்புக் குழுக்களில் அடிக்கடி எழும் பேச்சு இது. "எப்போது பார்த்தாலும் இருண்ட எதிர்காலம், கண்காணிப்பு, அடிமைத்தனம் என்றே படிக்கிறோம். ஒரு மாற்றத்துக்கு, மனிதர்கள் நன்றாக வாழ்கிற உலகம் ஒன்றைப் படிப்போமே" என்று யாராவது ஒருவர் சொல்வார். நியாயமான ஆதங்கம்தான். அதைச் சோதித்துப் பார்க்க ஆல்டஸ் ஹக்ஸ்லியைவிட வசதியான எழுத்தாளர் எனக்குத் தெரிந்து இல்லை. 1932-இல் 'பிரேவ் நியூ வேர்ல்ட்' என்ற டிஸ்டோபியா (கெட்டுப்போன எதிர்கால உலகத்தைக் காட்டும்) நாவலை எழுதினார். முப்பது ஆண்டுகள் கழித்து, 1962-இல், 'ஐலண்ட்' என்ற யூடோபியா (நல்லதொரு கனவு உலகத்தைக் காட்டும்) நாவல் வந்தது. அதுதான் அவருடைய கடைசி நாவல். ஒரே மூளை, ஏறக்குறைய ஒரே கவலைகள், எதிரெதிரான இரண்டு உலகங்கள். குழுவுக்கு ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் எதை எடுப்பது?

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் நாவலை எந்தப் பக்கத்தில் பிரித்தாலும் தொடர்ந்து படிக்கத் தோன்றும். இரண்டாவதை முடித்ததற்கு ஹக்ஸ்லி மேல் இருந்த மரியாதை மட்டுமே காரணம். ஆனால் "கெட்ட உலகத்தில் சண்டை இருக்கும், அதனால் சுவாரசியம்; நல்ல உலகத்தில் ஒன்றும் நடக்காது, அதனால் சலிப்பு" என்ற வழக்கமான விளக்கம் எனக்குப் போதவில்லை. ஐலண்டில் எவ்வளவோ நடக்கிறது. கப்பல் விபத்து இருக்கிறது, எண்ணெய்க்கான சதி இருக்கிறது, ஒரு மரணம் இருக்கிறது, கடைசியில் படையெடுப்பே இருக்கிறது. இத்தனை இருந்தும் ஏன் கொட்டாவி வருகிறது?

கதைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதல் நாவலில் காலம், ஃபோர்டுக்குப் பின் 632-ஆம் ஆண்டு. ஹென்றி ஃபோர்டின் மாடல் டி காரிலிருந்து ஆண்டு எண்ணுகிறார்கள். சிலுவைகளின் தலையை வெட்டி 'டி' ஆக்கிவிட்டார்கள். குழந்தைகள் பாட்டில்களில் வளர்கிறார்கள். ஆல்ஃபா முதல் எப்சிலான் வரை ஐந்து சாதிகள், யாருக்கும் தன் சாதி மேல் குறையில்லை. துக்கம் வந்தால் சோமா மாத்திரை. இந்த உலகத்துக்குள், நியூ மெக்சிகோவின் ஒதுக்குப்புறப் பகுதியில் ஷேக்ஸ்பியரைப் படித்து வளர்ந்த ஜான் என்ற இளைஞன் கொண்டுவரப்படுகிறான். இரண்டாவது நாவலில், வில் ஃபார்னபி என்ற பத்திரிகையாளன் பாலா என்ற கற்பனைத் தீவில் கரையொதுங்குகிறான். அவன் ஒரு எண்ணெய் முதலாளிக்காக ரகசிய வேலையும் பார்ப்பவன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓர் ஸ்காட்லாந்து மருத்துவரும் தீவின் ராஜாவும் சேர்ந்து, மேற்கின் அறிவியலையும் பௌத்தத்தையும் கலந்து கட்டியெழுப்பிய சமூகம் அது. காலில் அடிபட்ட ஃபார்னபியை அவர்கள் குணப்படுத்துகிறார்கள், ஊரைச் சுற்றிக் காட்டுகிறார்கள், அவன் மனம் மாறுகிறான்.

இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் ஒரு விஷயம் திடுக்கிட வைக்கும். நரகத்தில் இருக்கிற கருவிகள் எல்லாமே சொர்க்கத்திலும் இருக்கின்றன.

பழக்கத்தால் உயிர்களின் எதிர்வினைகளை மாற்றலாம் என்று காட்டிய ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவையே எடுத்துக்கொள்வோம். முதல் நாவலின் இரண்டாம் அத்தியாயத்தில், காக்கி உடுத்திய எட்டு மாத டெல்டாக் குழந்தைகளைத் தரையில் விடுகிறார்கள். எதிரே ரோஜாக்கள், வண்ணப் புத்தகங்கள். குழந்தைகள் சிரித்துக்கொண்டே தவழ்ந்து போய் அவற்றைத் தொடுகின்றன. உடனே காதைக் கிழிக்கும் சைரன், அப்புறம் தரையில் மின்சாரம். இதையே இருநூறு முறை செய்தால் ஆயுள் முழுக்கப் பூவும் வேண்டாம், புத்தகமும் வேண்டாம். பூ ஏன் வேண்டாம் என்பதற்குக் குழந்தைகளை உருவாக்கும் லண்டன் நிலையத்தின் இயக்குநர் ஒரு பொருளாதாரக் காரணம் சொல்கிறார்: இயற்கையை ரசிப்பது இலவசம், அதனால் எந்தத் தொழிற்சாலைக்கும் வேலை கிடைக்காது. இப்போது பாலாவுக்கு வாருங்கள். ஒரு தாய் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். குழந்தை பால் குடிக்கும் சுகத்தில் இருக்கும்போதே அதைத் தடவிக்கொடுத்து, வேறொரு மனிதரையோ விலங்கையோ தொடவைத்து, "நல்லது, நல்லது" என்று சொல்கிறார்கள். வயிறு நிறைகிற இன்பமும் அடுத்தவர் மேல் அன்பும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பது கணக்கு. பாவ்லோவின் பெயரும் அங்கேயே பேச்சில் வருகிறது. ஆமாம், பாவ்லோவ்தான், ஆனால் நல்ல காரியத்துக்கு என்கிறார்கள் பாலாக்காரர்கள்.

அழகான யோசனைதான். ஆனால் ஒரு குழந்தையின் மனத்தை அதன் சம்மதமில்லாமல் வடிவமைப்பது சரியா என்ற கேள்வியை முதல் நாவல் நம்மிடம் எழுப்பிவிட்டது அல்லவா? "நல்ல காரியத்துக்கு" என்ற பதிலை லண்டன் இயக்குநரும் சொல்வாரே? அவரும் குழந்தைகளின் சந்தோஷத்துக்காகத்தான் செய்வதாக நம்புகிறார். இந்த இடத்தில் வில் இரண்டு கேள்வி கேட்டு மடக்குவான் என்று எதிர்பார்த்தேன். அவன் கிண்டல்காரன், எதையும் நம்பாதவன் என்றுதான் அறிமுகமாகிறான். ஆனால் கேட்கிற கேள்விகளெல்லாம் அடுத்த விளக்கத்துக்கு வழிவிடுகிற கேள்விகளாகவே இருக்கின்றன.

மருந்தும் அப்படியே. அங்கே சோமா, இங்கே காளானிலிருந்து எடுக்கும் மோட்ச மருந்து. சோமா மறக்க வைக்கிறது, மோட்ச மருந்து விழிக்க வைக்கிறது என்று நாவல் வேறுபாடு காட்டுகிறது. அதைத் தினமும் விழுங்குவதில்லை, வழிகாட்டியோடு, சடங்கோடு, அரிதாகத்தான் எடுக்கிறார்கள் என்பதும் சரி. குடும்பம்? அங்கே 'அம்மா' என்பது கெட்ட வார்த்தை. இங்கே பதினைந்து முதல் இருபத்தைந்து தம்பதிகள் சேர்ந்து ஒருவரையொருவர் தத்தெடுத்துக்கொள்கிறார்கள். வீட்டில் சண்டை என்றால் குழந்தை இன்னொரு வீட்டுக்குப் போய்விடலாம். இதை மட்டும் குறை சொல்லமாட்டேன். பெற்றோரிடம் மாட்டிக்கொண்டு தவிக்கும் குழந்தைகளுக்கு யாராவது கற்பனை செய்த ஏற்பாடுகளிலேயே அன்பானது இதுதான். பிறப்பு? அங்கே ஒரு கருமுட்டையிலிருந்து தொண்ணூற்றாறு அச்சுப் பிரதிகள் வரை. இங்கே உறைய வைத்த விந்து, செயற்கைக் கருவூட்டல், அடுத்த தலைமுறையின் புத்திக்கூர்மையை உயர்த்தும் திட்டம்.

என்னை உண்மையிலேயே அச்சுறுத்திய பகுதி இனிமேல்தான். பாலாவில் சிறைகள் கிட்டத்தட்டத் தேவைப்படுவதில்லை. ஏன்? ஆபத்தானவர்களாக வளரக்கூடிய பிள்ளைகளைச் சிறு வயதிலேயே பரிசோதனைகளில் கண்டுபிடித்துவிடுகிறார்கள். இரண்டு வகை: வளரவே மறுக்கும் கதைச் சிறுவன் பீட்டர் பானைப் போன்றவர்கள், அடக்கியாளத் துடிக்கும் தசைக்காரர்கள். ஹிட்லர் முதல் வகைக்கு உதாரணம், ஸ்டாலின் இரண்டாம் வகைக்கு. முதல் வகைக்கு மாத்திரை கொடுத்துச் சரிசெய்கிறார்கள். இரண்டாம் வகையின் வேகத்தை மரம் வெட்டுவது, மலையேறுவது போன்ற உடலுழைப்பில் வடித்துவிடுகிறார்கள். இதை ஓர் இனிய வெற்றிக் கதையாகச் சொல்லிவிட்டு நாவல் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறது. தவறாக அடையாளம் காணப்பட்ட பிள்ளை ஒன்றுகூட இருந்திருக்காதா? மாத்திரை வேண்டாம் என்று ஒரு பையன் சொன்னால் என்ன செய்வார்கள்? முதல் நாவலில் ஒத்துப்போகாதவர்களைத் தீவுகளுக்கு அனுப்புகிறார்கள். அப்படி ஒத்துப்போகாத எழுத்தாளன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் வாட்சனிடம் எந்தத் தீவு வேண்டும் என்று கேட்கிறார்கள். வானிலை மோசமாக இருந்தால் நன்றாக எழுத வரும் என்று சொல்லி அவன் ஃபாக்லாந்து தீவுகளைத் தேர்ந்தெடுக்கிறான். நரகத்தில் மாறுபட்டவனுக்கு ஒரு தீவாவது கிடைக்கிறது. சொர்க்கத்தில் அவன் மாறுபட்டவனாக வளரவே முடியாது. இதை நாவல் கவனிக்கவே இல்லை என்பதுதான் என் குறை.

இங்கேதான் எனக்கு அந்தக் கொட்டாவியின் காரணம் பிடிபட்டது. இரண்டு நாவல்களிலும் சுற்றிக்காட்டல் இருக்கிறது. பிரேவ் நியூ வேர்ல்ட் தொடங்குவதே லண்டன் கருப்பொரிப்பு நிலையத்தில் மாணவர்களுக்கு இயக்குநர் நடத்தும் வகுப்பில்தான். ஒவ்வொரு எந்திரத்தையும் அவர் பெருமை பொங்க விளக்குகிறார், மாணவர்கள் பயபக்தியோடு குறிப்பெடுக்கிறார்கள், நமக்கு மட்டும் முதுகுத்தண்டு சில்லிடுகிறது. அவர் பெருமைக்கும் நம் அருவருப்புக்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கிறது. நாம் யோசிப்பது அந்த இடைவெளியில்தான். ஐலண்டிலும் வழிகாட்டிகள் அதே பெருமையோடு விளக்குகிறார்கள். ஆனால் இந்த முறை ஆசிரியரும் அவர்கள் பக்கம் நிற்கிறார். இடைவெளி மூடிவிட்டது. புது வீடு கட்டியவர் ஒவ்வொரு அறையாகத் திறந்து காட்டும்போது "பிரமாதம்" என்று சொல்வதைத் தவிர நமக்கு வேறு வேலை இல்லாததைப் போல ஆகிவிடுகிறது.

தொழில்நுட்பமாகவும் ஒன்று சொல்ல வேண்டும். முதல் நாவலின் மூன்றாம் அத்தியாயத்தில் ஹக்ஸ்லி அந்த வகுப்பையே உடைத்துப்போடுகிறார். உலகக் கட்டுப்பாட்டாளர் முஸ்தஃபா மாண்ட் வரலாற்றை விளக்குகிறார், வேறோர் இடத்தில் லெனினா என்ற இளம்பெண்ணும் அவள் தோழியும் ஆண்களைப் பற்றிப் பேசுகிறார்கள், இன்னோர் இடத்தில் அந்த உலகத்தோடு ஒட்டாத ஆல்ஃபா பெர்னார்ட் மார்க்ஸ் உள்ளுக்குள் கொதிக்கிறான், தூங்கும் குழந்தைகளின் காதில் பாடம் ஓதப்படுகிறது. காட்சிகள் மாறி மாறி வருகின்றன. வெட்டுகள் சிறிதாகிக்கொண்டே போய், கடைசியில் ஒவ்வொருவருக்கும் ஒரே வரி. சினிமா போல ஓடும். ஐலண்டை எழுதிய கை இந்த வித்தையை மறந்துவிட்டதா, வேண்டாமென்று வைத்ததா? பக்கம் பக்கமாக உரையாடல். நடுவில் பழைய ராஜாவின் குறிப்புப் புத்தகத்திலிருந்து வேறு நீண்ட பகுதிகள்.

எதிர்த்தரப்புக்கு யார் வாதாடுகிறார்கள் என்பதையும் பாருங்கள். முதல் நாவலின் 16, 17-ஆம் அத்தியாயங்களில் ஜானும் மாண்டும் மோதுகிறார்கள். மாண்ட் முட்டாள் இல்லை. அவர் ஒரு காலத்தில் நல்ல இயற்பியலாளர். விதிகளை மீறியதால், தீவுக்கா, ஆட்சிக்கா என்ற தேர்வு அவர் முன்னும் வைக்கப்பட்டது. ஆட்சியைத் தேர்ந்தெடுத்தார். தடைசெய்யப்பட்ட பைபிளைத் தன் பெட்டகத்தில் பூட்டி வைத்திருக்கிறார், ஷேக்ஸ்பியரைப் படித்திருக்கிறார். நிலைத்தன்மைக்காகக் கலையையும் உண்மையான அறிவியலையும் விலையாகக் கொடுத்தோம் என்று ஒளிக்காமல் சொல்கிறார். ஆல்ஃபாக்களை மட்டுமே குடியேற்றினால் என்ன ஆகும் என்று சைப்ரஸில் செய்துபார்த்ததையும் சொல்கிறார்: 22,000 பேர் போனார்கள், ஆறு ஆண்டுகளுக்குள் உள்நாட்டுப் போர், 19,000 பேர் செத்தார்கள். மீதிப் பேர் எங்களை மறுபடி ஆளுங்கள் என்று மனுக்கொடுத்தார்கள். பதிலுக்கு ஜானிடம் இருப்பது துக்கப்படும் உரிமை மட்டும்தான். அதைக் கேட்டு வாங்குகிறான். யார் ஜெயித்தது? எனக்கு இன்னும் தீரவில்லை. குழுவில் நான்கு பேர் இருந்தால் நான்கு பதில் வரும்.

பாலாவை எதிர்ப்பவர்கள் யார்? ஆன்மிகம் பேசிக்கொண்டே எண்ணெய்ப் பணத்துக்கு ஆசைப்படும் ராணி. அவள் மகனும் பட்டத்து வாரிசுமான, அமெரிக்கக் கடையான சியர்ஸ் ரோபக்கின் பொருள்பட்டியலைப் புரட்டி மயங்கும் இளைஞன். பக்கத்து நாட்டு சர்வாதிகாரி கர்னல் டீப்பா. அந்த இளைஞனின் பெயர் முருகன். நாட்டைக் காட்டிக்கொடுப்பவனுக்கு இந்தப் பெயரா என்று நமக்குச் சற்று உறுத்தத்தான் செய்யும். பாஹு என்ற தூதர் ஒருவர் மட்டும் புத்திசாலி. சுற்றிலும் உலகம் துன்பத்தில் கிடக்கும்போது பாலா இவ்வளவு சந்தோஷமாக இருப்பதே அதன் அழிவுக்குக் காரணமாகும் என்கிறார். அட, இவர் பேசட்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தால், கொஞ்ச நேரத்தில் அவரும் ஒதுங்கிவிடுகிறார். பாலாவுக்குள்ளேயே பிறந்து வளர்ந்து, அறிவோடு அதை மறுக்கிற ஒருவர்கூட நாவலில் இல்லை.

இதற்காக ஐலண்டைக் குப்பை என்று தள்ளிவிட முடியாது. பாலாவின் மருத்துவர் ராபர்ட்டின் மனைவி லட்சுமி புற்றுநோயில் சாகும் பகுதி, ஹக்ஸ்லி எழுதியதிலேயே சிறந்த பக்கங்களில் ஒன்று. வலியை மறைக்காமல், பொய் ஆறுதல் சொல்லாமல், கடைசி மூச்சுவரை அவளோடு பேசிக்கொண்டே கூட இருக்கிறார்கள். ஹக்ஸ்லியின் முதல் மனைவி மரியா 1955-இல் புற்றுநோயில் இறந்தபோது, அவளருகில் உட்கார்ந்து இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார் அவர். அதனால்தானோ என்னவோ, அந்தப் பக்கங்களில் பிரசங்கி காணாமல் போய்விடுகிறார். முதல் நாவலில் இதற்கு இணையான காட்சி ஜானின் தாய் லிண்டாவின் மரணம். சோமா மயக்கத்தில், தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும் வார்டில் அவள் சாகிறாள். மரணத்துக்கு அஞ்சாமல் பழகட்டும் என்று அழைத்துவரப்பட்ட சின்னப் பிள்ளைகள் இனிப்புத் தின்றபடி வேடிக்கை பார்க்கிறார்கள். அது கோபத்தை வரவழைக்கும் காட்சி. லட்சுமியின் காட்சி அதைவிட ஆழமானது. இந்த ஒரு பந்தயத்தில் யூடோபியாதான் ஜெயிக்கிறது.

இன்னொரு அழகும் உண்டு. பாலாவின் வயல்களில் காக்கை விரட்டும் பொம்மைகள் கடவுள்களின் உருவத்தில் நிற்கின்றன. சிறுவர்கள் கயிற்றை இழுத்து அவற்றை ஆட்டுகிறார்கள். கடவுள்கள் நாம் செய்தவை, ஆட்டுவிப்பதும் நாம்தான் என்று பிள்ளைகள் விளையாட்டாகவே கற்றுக்கொள்கிறார்கள். நாவலின் பாதி உரையாடல்களைவிட இந்த ஒரு காட்சி அதிகம் சொல்கிறது. முடிவையும் பாராட்ட வேண்டும். டீப்பாவின் படை ஒரே இரவில் நுழைந்துவிடுகிறது. தான் கட்டிய சொர்க்கம் பிழைக்கும் என்று ஹக்ஸ்லியே நம்பவில்லை. அந்த நேர்மை நாவலின் நடுப்பகுதியிலும் இருந்திருக்கலாம்.

பிரேவ் நியூ வேர்ல்டிலும் ஓட்டைகள் உண்டு. லெனினாவுக்கு ஹக்ஸ்லி கொடுத்த மனம் மிகச் சிறியது. அந்த உலகத்தில் பெண்களுக்குப் பெரிய அதிகாரம் எதுவும் இல்லை, ஆசிரியர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை. ஒதுக்குப்புறப் பகுதியின் பூர்வகுடிகள் கேலிச்சித்திரமாகவே வருகிறார்கள். கடைசி அத்தியாயத்தில் ஜான் தன்னைத்தானே சாட்டையால் அடித்துக்கொள்வது, கதை கேட்டதைவிட ஆசிரியர் பிடிவாதமாக வைத்தது போல இருக்கிறது. 1946-இல் எழுதிய முன்னுரையில் ஹக்ஸ்லியே ஒரு குறையைச் சொன்னார்: ஜானுக்கு இரண்டு பைத்தியக்காரத்தனங்களில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கக் கொடுத்தேன், மறுபடி எழுதினால் மூன்றாவதாகப் புத்தித் தெளிவுள்ள ஒரு சிறு சமூகத்தையும் காட்டுவேன் என்றார். அந்த மூன்றாவது வழிதான் பதினாறு ஆண்டுகள் கழித்துப் பாலா ஆனது. அந்த முன்னுரையில் சில வரிகளாக இருந்தபோது அது என்னை ஈர்த்தது. முழு நாவலாக வந்தபோது ஈர்க்கவில்லை.

அப்படியானால் யூடோபியாவே எழுத முடியாத வகையா? இல்லை. உர்சுலா லெ குவின் 1974-இல் எழுதிய 'தி டிஸ்பொசஸ்ட்' இருக்கிறது. அனாரஸ் என்ற வறண்ட நிலவில், அரசும் சொத்தும் இல்லாமல் வாழ்கிறார்கள். பஞ்சம் வருகிறது. சட்டம் இல்லை, ஆனால் அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்களோ என்ற பயம் சட்டத்தின் வேலையைச் செய்கிறது. ஷெவெக் என்ற இயற்பியலாளனின் ஆய்வில் தன் பெயரையும் சேர்த்துக்கொள்ளும் மூத்த ஆசாமி அந்த ஆட்சியற்ற நாட்டிலும் இருக்கிறார். ஷெவெக் தன் சமூகத்தை நேசிக்கிறான், அதனாலேயே அதோடு மல்லுக்கட்டுகிறான். பாலாவில் நான் தேடியும் கிடைக்காத ஆள் இவன்தான்.

ஆக, குழுவுக்கு என் பரிந்துரை இது. முதலில் பிரேவ் நியூ வேர்ல்ட். மொத்தம் பதினெட்டு அத்தியாயங்கள்தான். மூன்றாம் அத்தியாயம் முதல் முறை குழப்பும். நிறுத்தாமல் கடந்துவிடுங்கள், முடித்துவிட்டுத் திரும்ப வந்து படித்தால் அதன் கட்டுமானம் புலப்படும். விவாதத்துக்கு 16, 17-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு, ஒருவரை மாண்டாகவே பேசச் சொல்லுங்கள். ஜான் பக்கம் பேசத்தான் எல்லோரும் போட்டி போடுவார்கள், அதனால் குழுவில் நன்றாக வாதாடத் தெரிந்தவரை மாண்ட் பக்கம் உட்காரவைப்பது நல்லது.

நம்பிக்கையான உலகம்தான் வேண்டும் என்று கேட்டவருக்கு அடுத்த மாதம் லெ குவின். ஐலண்டை முழுதாக யாருக்கும் திணிக்காதீர்கள். பாவ்லோவ் தாய், பீட்டர் பான் மாத்திரைகள், லட்சுமியின் மரணம் ஆகிய மூன்று பகுதிகளையும் யாராவது ஒருவர் படித்து வந்து, முதல் நாவலின் அதே இடங்களுக்குப் பக்கத்தில் வைத்து வாசித்துக்காட்டினால் போதும். தியானம், உளவியல், மரணத்தை எதிர்கொள்வது போன்றவற்றில் ஏற்கெனவே ஆர்வம் உள்ளவர் யாராவது இருந்தால் அந்தப் பொறுப்பை அவருக்கே கொடுங்கள். எனக்குச் சலிப்பூட்டிய பக்கங்கள் அவருக்குப் பிடித்துப்போகவும் வாய்ப்பிருக்கிறது.